கோட்டுக்கு மேலே ஆறு இஞ்ச்

ஆகஸ்ட் 18, வெள்ளி

எடை 50.2. ஓடையில் தண்ணீர். கல்லில் கோடு தெரியவில்லை. திரும்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 19, சனி

எடை 51.3. குடித்தது முக்கால் லிட்டர். கால் வீக்கம் உண்டு. வாழைத்தார் ஏற்ற வரச் சொல்லி இரண்டு பேர் போன் செய்தார்கள். வரவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. அவளால் மெஷினில் ஏறி நிற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

எடை 48.3. இன்று மாலைதான் வீட்டுக்கு வந்தோம்.

இந்த டைரி டயர் கடையில் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு டயர் படம் போட்டிருக்கும். டயாலிசிஸ் வார்டு நர்ஸ், "தெனம் எடையும் குடிச்ச தண்ணியும் எழுதிட்டு வாங்கப்பா" என்றதால் எழுத ஆரம்பித்தேன். இது இரண்டாவது வருடத்து டைரி. எடையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இன்று எழுதலாம் போலிருக்கிறது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

இந்திராணி என் மனைவி. என் மனைவி யார் என்று எனக்கே எழுதிக்கொள்கிறேன், இருக்கட்டும். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். நாங்கள் இருப்பது மேலூத்துக்காடு. மலையில் கடைசி ஊர். பஸ் கிடையாது. என் பிக்கப் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன். மற்ற நாளில் அதே வண்டியில் வாழைத்தாரும் சௌசௌவும் ஏற்றுகிறேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட விட்டதில்லை, போன வெள்ளியைத் தவிர.

ஊரிலிருந்து இறங்கினால் நாலாவது கிலோமீட்டரில் ஓடை குறுக்கே ஓடும். பாலம் இல்லை. ஓடை நடுவில் மாட்டு வயிறு மாதிரி ஒரு கல். அதில் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு. கோட்டுக்கல் என்போம். ஒரு டிராக்டரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன பிறகு டிரைவர்கள் எல்லோரும் கூடிப் போட்ட கோடு அது. கோடு தெரிந்தால் வண்டியை இறக்கலாம். முங்கியிருந்தால் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். இங்கே யாரும் கோட்டோடு விவாதம் பண்ணுவதில்லை.

நாங்கள் அன்று காத்திருக்கவில்லை. அவளுக்குக் குளிர் தாங்காது என்று வண்டியைத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஓடையில் அன்று கணுக்கால் தண்ணீர்தான். திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. டாக்டரம்மா சின்னப் பெண். "ஒரு தடவ விட்டா இதான் நடக்கும்னு எத்தன தடவ சொல்லியிருக்கோம்" என்றது. நான் சொன்னேன், "ஓடையில தண்ணி வந்துருச்சும்மா. கோடு தெரியல." அதற்கு அந்தப் பொண்ணுக்கு என்ன புரிந்ததோ, சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டது.

ஐந்து நாள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. இட்லி வாங்கினேன், சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எடை 49.4.

ஆளாளுக்கு வந்து விசாரிக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே பதில்தான். தண்ணீர் ஜாஸ்தி, வண்டி தாழ்வு. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போதே வாய் தானாகச் சொன்னது. கடைசியில் டீக்கடையில் ஒருவர், "அப்ப வண்டியத் தூக்கிர வேண்டியதுதான" என்றார். சரிதான். ஐப்பசி மழை பிடித்தால் வாரத்துக்கு இரண்டு தடவை ஓடை வரும். இன்னொரு தடவை விட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைகூடத் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறது.

வண்டியைத் தூக்கிவிடுவது. பெரிய டயர் போட்டுவிடுவது. முடிவு.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

போகும்போது 50.1. வரும்போது 48.2.

அவள் மெஷினில் இருக்கும் நாலு மணி நேரத்தில் பைபாஸ் ரோட்டில் ரவூஃப் பாய் பட்டறைக்குப் போனேன். லாரிகளுக்குப் பட்டை வேலை பார்க்கிறவர். வண்டிக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வளைத்து அடுக்கியிருக்குமே இரும்புப் பட்டை, அதுதான் வண்டியைத் தாங்குவது. அந்தப் பட்டையில் பாய் கை வைத்தால் வேறு ஆள் கை வைக்கத் தேவையில்லை.

பாய் படுத்து அடியில் பார்த்துவிட்டு எழுந்தார். மூன்று வழி இருக்கிறது என்றார்.

"பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல இரும்புக் கட்டை வெச்சு ஏத்தலாம். சீக்கிரம் முடியும். ஆனா மலை வளைவுல வண்டி ஆடும், நான் செய்ய மாட்டேன். ரெண்டாவது, இருக்கிற பட்டையையே கழட்டி வளைவு ஏத்திக் கட்டலாம். மூணு இஞ்ச் வரும். சொகமா இருக்கும். மூணாவது, கூட ரெண்டு பட்டை சேத்துக் கட்டறது. நாலு இஞ்ச் வரும். ஆனா கல்லு மாதிரி ஆயிரும்ணே. லோடு இருந்தாத்தான் பட்டை மடங்கும், காலி வண்டியில போனா தூக்கித் தூக்கிப் போடும்."

டயரைப் பற்றியும் சொன்னார். பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் பாடிதான் மேலே போகும், அச்சு இருந்த இடத்தில்தான் இருக்கும். அச்சு ஏற வேண்டும் என்றால் டயர்தான் பெரிதாக வேண்டும். அதிலும் டயர் உயரம் நாலு இஞ்ச் கூடினால் அச்சு இரண்டு இஞ்ச்தான் ஏறும். இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு பாய் கேட்டார்: "மொத்தம் எத்தன இஞ்ச் வேணும்? அன்னைக்கு அந்தக் கோட்டுக்கு மேல தண்ணி எவ்வளவு நின்னுச்சு?"

பாய் கைத்துணியில் விரல் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"ஆறு" என்றேன்.

"ஆறு இஞ்ச்சா. அது ஜாஸ்திணே."

"ஆறு இருந்துச்சு, பாய்."

"அப்ப நாலு பட்டையில, ரெண்டு டயர்ல" என்று சாக்பீஸால் சுவரில் எழுதினார். 4 + 2 = 6. எழுதிப் பார்க்கும்போது அது உண்மையான கணக்கு மாதிரியே இருந்தது.

செப்டம்பர் 1, வெள்ளி

50.0. 48.1.

டயர் கடையில் இரண்டு மணி நேரம். சாதா டயரிலேயே பெரியது ஒன்று, மெத்தென்று ஓடும், சேற்றில் வழுக்கும். பட்டன் டயர் ஒன்று, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருப்பது. பாறையில் பிடிக்கும், தார் ரோட்டில் ஓயாமல் உறுமும். நடுவில் ஒரு ரகம், இரண்டும் இல்லாதது. கடைக்காரர் நடுவில் உள்ளதைக் காட்டி, "வீட்டம்மாவ ஏத்திட்டுப் போற வண்டின்னா இதான் சரி" என்றார். நான் பட்டனையே எடுத்தேன். ஓடை என்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம் என்றேன். அவர் ஏன் முகத்தைச் சுருக்கினார் என்று தெரியவில்லை. நான் சத்தமாகப் பேசிவிட்டேனோ என்னவோ.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும், ஓரத்தை வெட்ட வேண்டும். பிரேக் பைப் நீளம் பத்தாது, மாற்ற வேண்டும். எஃப்சி சோதனைக்குக் கொண்டுபோனால் இந்தக் கோலத்தில் விட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

எடை 49.2.

மகள் ரேணுகா சிவகாசியிலிருந்து போன். "மழைக்கு முன்னாடி அம்மாவ இங்க கொண்டாந்து விட்ருங்கப்பா. இங்க பக்கத்துலயே மெஷின் இருக்கு." வண்டியைத் தூக்குகிறேன், இனி ஓடை ஒரு பிரச்சினை இல்லை என்றேன். "அன்னைக்கு அவ்ளோ தண்ணியாப்பா?" என்றாள். "கோட்டுக்கு மேல ஆறு இஞ்ச்" என்றேன்.

இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தக் காயும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான். ருசி, சத்து எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தைச் சாப்பிடுவாள். நான் ஆறு இஞ்ச் என்றதும் கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்கினாள்.

"எதுக்குங்க இவ்வளவு வேல?" என்றாள், போனை வைத்த பிறகு.

"மழை வரப்போகுதுல்ல."

"வரட்டும்" என்றாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

50.2. 48.2.

வண்டியைப் பட்டறையில் விட்டோம். பஸ்ஸில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து வீரணன் ஜீப். வீரணன் எனக்கு மருமகன் முறை. நல்ல பையன், வாய்தான் ஓயாது. இந்திராணி முன்சீட்டில், நான் பின்னால் அரிசி மூட்டை மேல்.

ஓடை வந்ததும் வீரணன் வேகத்தைக் குறைத்தான். "அன்னைக்கு வெள்ளிக்கெழம நீங்க திரும்பிப் போறதப் பாத்தேன் மாமா. வளைவுல நான் ஒதுங்கி வழி விட்டேன், நீங்க கவனிக்கல. அத்தைக்குத்தான் ஏதோ முடியலைன்னு நெனச்சேன். நான் அடுத்த பத்து நிமிசத்துல எறங்கிட்டனே. கோடு தெளிவா தெரிஞ்சுச்சு."

"நாங்க வந்தப்ப தெரியல" என்றேன்.

"அதுக்குள்ளயா வடிஞ்சுச்சு?"

"வடிஞ்சிருக்கும்."

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். இந்திராணி, "வீரணா, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

அந்தப் பயலுக்குக் கண்ணில் கோளாறு. எப்போதும் வேகமாகத்தான் வருவான். தண்ணீரைப் பார்த்திருக்கவே மாட்டான்.

செப்டம்பர் 8, வெள்ளி

50.3. 48.4.

வண்டி வந்துவிட்டது. பட்டறை வாசலில் அது நின்றதைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டேப் வைத்து அளந்தேன். சரியாக ஆறு இஞ்ச். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை.

இந்திராணியை ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றும்போதுதான் தெரிந்தது. அவளால் ஏற முடியவில்லை. படி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. உள்ளே பிடித்து ஏற ஒரு கைப்பிடி உண்டு, அது முன்பக்கம், ஏறுகிறவருக்கு இடது கை வாக்கில். அவளுக்கு இடது கையில்தான் ஆபரேஷன் பண்ணி ஊசி போடும் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் இழுக்கக் கூடாது. வலது கையால் எட்டவில்லை. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆறு இஞ்ச்சை அளந்த நான் அவள் காலை அளக்கவில்லை.

தூக்கிவைத்தேன். நாற்பத்தெட்டு கிலோ. அந்த எண்ணைத் தினமும் எழுதுகிறேன், இவ்வளவு லேசாக இருப்பாள் என்று கைக்கு இன்றுதான் தெரிந்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "மேல இருந்து பாத்தா எல்லாம் நல்லாத் தெரியுது" என்றாள். கிண்டலா என்று தெரியவில்லை.

காலி வண்டி. பாய் சொன்ன மாதிரியே தூக்கித் தூக்கிப் போட்டது. மலை ஏறுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

50.1. 48.3.

வழி கண்டுபிடித்துவிட்டேன். பின்னால் கனம் இருந்தால் வண்டி மெத்தென்று போகும். இறங்கும்போது சௌசௌ மூட்டை ஏற்றிக்கொண்டேன், நன்றாக இருந்தது. மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டால் திரும்பும்போது காலி. அவள் துவண்டு கிடப்பதே திரும்பும்போதுதான். அதனால் ஆற்று மணல் பதினாலு மூட்டை வாங்கி ஏற்றிக்கொண்டேன். டீசல் குடிக்கிறது. குடிக்கட்டும். பலகையடித்து ஒரு முக்காலியும் செய்துவிட்டேன். அதில் ஏறி, பிறகு படியில் ஏறி, பிறகு சீட்டில். வார்டு வாசலில் செக்யூரிட்டி வேடிக்கை பார்த்தார்.

"இப்படி மணலச் சொமந்துக்கிட்டு ஊர் ஊரா போறதுக்கு, பேசாம பட்டையக் கழட்டிரலாம்ல?" என்றாள்.

"ஓடைக்கு வேணும்."

"ஓட காஞ்சு கெடக்கு."

"வரும்."

கிலோமீட்டர் மீட்டரும் தப்பாகக் காட்டுகிறது. டயர் பெரிதானதால் நூறு கிலோமீட்டர் போனால் எண்பத்தெட்டுதான் ஓடியதாகச் சொல்லும். பாய் முன்பே சொல்லியிருந்தார். இந்த வண்டியில் உண்மை பேசுகிறது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

50.4. 48.3. மணல் பதினாலு மூட்டை.

செப்டம்பர் 19, செவ்வாய்

50.0. 48.2. மணல் பதினாலு மூட்டை.

செப்டம்பர் 22, வெள்ளி

50.2. 48.2.

ரவூஃப் பாய் பட்டறையைத் தாண்டும்போது கை காட்டி நிறுத்தினார். பின்னால் மணலைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். இந்திராணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மூணு இஞ்ச் எறக்கிரலாம். எனக்கே மனசு கேக்கல. மெஷின்ல படுத்து வர்றவங்கள இப்படி ஏத்தலாமா?"

"அன்னைக்கு ஆறு இஞ்ச் தண்ணி, பாய்."

"கோடு முங்கிட்டா அதுக்கு மேல எவ்வளவு இருந்துச்சுன்னு எப்பிடிணே தெரியும்? கலங்கல் தண்ணிதான?"

நல்ல கேள்வி. இருபத்து நாலு நாள் கழித்துக் கேட்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உங்கள் வேலையைப் பாருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பாய் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரைப் போய் ஏன் அப்படிப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

எடை 49.3.

டேப்பை எடுத்துக்கொண்டு தனியாக ஓடைக்குப் போனேன். காய்ந்த ஓடையில் கோட்டுக்கல் முழுசாகத் தெரிகிறது. தரையிலிருந்து கோடு இருபத்திரண்டு இஞ்ச். ஆறு இஞ்ச் தூக்கியதற்குப் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம் என்று சிவப்பு பெயிண்ட் கொண்டுபோயிருந்தேன். டப்பாவைத் திறக்கவில்லை. வேறு யாராவது அந்தக் கோட்டை நம்பிவிட்டால் என்ன ஆவது.

வெள்ளைக் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். எதற்கு என்று எழுதப்போவதில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

50.3. 48.3. மேகம் கூடுகிறது. ரேணுகா மறுபடி போன். அம்மாவை அனுப்ப மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இந்திராணியிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

50.1. 48.2. தூறல். கோட்டுக்குக் கீழே ஒரு சாண். தாண்டினோம்.

அக்டோபர் 20, வெள்ளி

காலை 50.4. விடியவிடிய மழை. ஏழரைக்கு ஓடைக்கு வந்தோம்.

கோடு தெரியவில்லை. கல்லின் மண்டை மட்டும் தெரிந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு இஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

நான் முதல் கியரைப் போட்டேன். எனக்குப் பயம் இல்லை. பயம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதற்குத்தானே தூக்கினேன், இதற்குத்தானே டயர், இதற்குத்தானே இவ்வளவு நாள் மணல். டயர் விளிம்பு தண்ணீரைத் தொட்டது.

இந்திராணி கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி அணைந்தது.

"கோடு தெரியல" என்றாள்.

"தெரியாட்டி என்ன? ஆறு இஞ்ச் தூக்கியிருக்கு. போயிரலாம்."

"அன்னைக்குத் தெரிஞ்சப்ப திரும்புனீங்க. இன்னைக்குத் தெரியாதப்ப எறங்குறீங்களா?"

சாவி அவள் கையில் இருந்தது. குரலில் கோபம் இல்லை. கொதிக்கிறதா என்று உலையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"அன்னைக்கு எனக்குப் போக மனசு வரல, இந்திராணி" என்றேன்.

இதைச் சொல்ல இரண்டு மாதம், ஆறு இஞ்ச், நாலு டயர் ஆகியிருக்கிறது. சொன்னபிறகு பார்த்தால் ஒரு வாக்கியம்தான். அன்று காலை அந்தக் கல்லைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. தாண்டலாம் என்று தெரிந்தது. மறுபடி அந்த ரோடு, அந்த வராண்டா, அந்த டெட்டால் வாடை, மறுபடி செவ்வாய், மறுபடி வெள்ளி என்று நினைத்தேன். கை தானாக ரிவர்ஸ் போட்டது. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரே ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். அதற்கு அவள் சாகக் கிடந்தாள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லும்போதுதான் அழுதேன். அறுபது நாளாக வராதது வந்தது.

"தெரியும்" என்றாள். "நானும்தான் பாத்தேன். ரெண்டு வெரல் இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவள் இடது கையைத் தடவிக்கொண்டிருந்தாள். நரம்பு முடிச்சு முடிச்சாக வீங்கிய கை.

"எனக்கும் மனசு வரலங்க. நீங்க வண்டியத் திருப்புனதும் அப்பாடான்னு இருந்துச்சு. இன்னைக்கு ஊசி இல்லன்னு. வீட்டுக்குப் போயி ரசஞ்சோறு தின்னேன், ஞாபகம் இருக்கா? ஒரு செம்புத் தண்ணியும் குடிச்சேன், உங்களுக்குத் தெரியாம. செத்தாலும் பரவாயில்லன்னுதான் குடிச்சேன்."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம மூச்சு முட்டுச்சுல்ல. அப்பத்தான் தெரிஞ்சுச்சு. இருக்கணும்போல இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க ஆறு இஞ்ச் ஆறு இஞ்ச்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. நானும் அந்தச் செம்ப யார்கிட்டயும் சொல்லல. நீங்க தூக்குனீங்க, நான் ஏறி உக்காந்தேன்" என்றாள்.

வீரணன் ஜீப் பின்னால் வந்து நின்றது. எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவன், என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான். அந்தப் பயலுக்கும் வாயை மூடத் தெரிந்திருக்கிறது.

மழை விட்டது. நாங்கள் இரண்டு பேரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள், நான் டைரியில் குறித்துக்கொண்டேன். பத்து ஐந்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை.

"தெரியுது" என்றாள் இந்திராணி. சாவியைக் கொடுத்தாள்.

தாண்டினோம். தண்ணீர் அடிப்பலகையைத் தொடவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வீரணன் ஜீப்பும் தாண்டியது, ஒரு இஞ்ச்கூடத் தூக்காத ஜீப். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை போய்விட்டது. சாயங்கால ஷிஃப்டில் சேர்த்துக்கொண்டார்கள். வரும்போது 48.3.

அக்டோபர் 24, செவ்வாய்

50.0. 48.2.

பட்டறைக்குப் போய் ரவூஃப் பாயிடம் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்று இஞ்ச் இறக்கச் சொன்னேன். சேர்த்த பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய பட்டையையே ஒரு இஞ்ச் மட்டும் வளைவு ஏற்றிக் கட்டித்தருகிறேன் என்றார். அடுத்த செவ்வாய்க்கு நாள் குறித்தோம். டயர் இருக்கட்டும். தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "கோட்டுக்குக் கீழ ரெண்டு வெரல், பாய்." பாய் சுவரைப் பார்த்தார். 4 + 2 = 6 இன்னும் அழியாமல் இருந்தது. கைத்துணியால் துடைத்துவிட்டு, "டீ சாப்பிடுறீங்களாண்ணே?" என்றார்.

ரேணுகாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டோம். முதலில் நான், பிறகு அவள் அம்மா. ரேணுகா, மழை வலுத்தால் பத்து நாளாவது சிவகாசியில் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். இந்திராணி சரி என்றாள். இந்தத் தடவை அவளையே பதில் சொல்லவிட்டேன்.

சாயங்காலம் ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி எடுத்தேன். "கோடு தெரியவில்லை" என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே "தெரிந்தது" என்று எழுதினேன். இந்திராணி வாங்கிப் பார்த்தாள். பேனாவைக் கேட்டாள். ஆகஸ்ட் 18, குடித்த தண்ணீர் என்று நான் எதுவும் எழுதாமல் விட்ட இடத்தில், "அரை லிட்டர், அதுக்கு மேல ஒரு செம்பு" என்று அவள் கையால் எழுதினாள்.

அக்டோபர் 27, வெள்ளி

எடை 50.1. மழை இல்லை.

ஆறே முக்காலுக்கு முக்காலியைப் போட்டேன். அவள் ஒரு காலை அதில் வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னைக்குப் போக மனசு இருக்கா?" என்று கேட்டாள்.

யோசித்துத்தான் சொன்னேன். "இல்ல."

"எனக்கும் இல்ல" என்றாள். "வண்டிய எடுங்க."